பெயர் எழுதாத கூடை

இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலே ஒரு கூடை இருக்கிறது. மூடியிட்ட கூடை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூப்புடைய கூடை. வட அமெரிக்காவின் தென்கிழக்கு மலைநாட்டிலே, ஆற்றோரம் வளர்ந்த மூங்கிலைப் பிளந்து, சீவி, சாயமேற்றி முடைந்தது. செரோக்கி மக்களின் கைவண்ணம் என்று அறிஞர் கொள்வது.

அதை அங்கிருந்து அனுப்பியவர் யார்? 1721 முதல் தென் கரோலினாவின் ஆளுநராக அமர்ந்திருந்த பிரான்சிஸ் நிக்கல்சன். பெற்றுப் பேணியவர் யார்? ஹான்ஸ் சுலோன் என்ற பெருஞ்செல்வரான மருத்துவர். அவருடைய தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு அருங்காட்சியகம் தோன்றிய ஆண்டு எது? 1753. கேட்ட கேள்விக்கெல்லாம் ஏட்டிலே விடை இருக்கிறது. ஆனால், அந்தக் கூடையை முடைந்தவள் யார்? அதற்கு மட்டும் ஏடு வாய் திறக்கவில்லை! கொடுத்தவன் பெயர் உண்டு, கொண்டவன் பெயர் உண்டு, படைத்தவள் பெயர் இல்லை. வரலாறு எழுதியோர் எந்தப் பக்கம் அமர்ந்து எழுதினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயர் மறைப்பு அந்தப் பெண்ணோடு நின்றதுமன்று. ஓர் இனத்தையே நாம் 'செவ்விந்தியர்' என்கிறோம். 1492-இல் கடலோடி வந்த கொலம்பஸ், தான் கண்ட கரையை இந்தியா என்று பிறழ உணர்ந்தான். அவன் பிழை அவனோடு மடிந்திருக்க வேண்டும். மாறாக, ஒரு கண்டத்து மக்களின் நெற்றியிலே பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழ் ஏடுகளும் அதைத் திருத்தாது எழுதி வந்துள்ளன. அவர்கள் செரோக்கியர். தமக்கென மொழி உடையோர். செக்கோயா என்ற அறிஞர் 1821-இல் ஆக்கியளித்த எழுத்து உடையோர். 1828-லேயே அந்த எழுத்தில் செய்தித்தாள் நடத்தியோர். அவர்களைக் குறிக்க அவர்கள் பெயரையே ஆளுவோம்; திறனாய்வுக்கு அதுவே முதற்படி.

அந்தக் கூடைக் கலையைப் பற்றி இந்நாளில் மூன்று சொற்கள் அடிக்கடி ஒலிக்கின்றன: கலை என்கிறார்கள், மரபு என்கிறார்கள், மருந்து என்கிறார்கள். மூன்றும் இனிய சொற்கள். இனிய சொற்களைத்தான் பகுத்தறிவாளன் முதலில் உரசிப் பார்க்க வேண்டும். உரசுவோம்.

கலையா?

ஓவியம் கலை, சிற்பம் கலை, கூடை வெறும் கைவேலை என்பார் உலகெங்கும் உளர். அமெரிக்கக் கல்லூரிகளிலே, பயனற்ற, எளிதில் தேறிவிடக்கூடிய பாடத்தை எள்ளுவதற்கு 'நீருக்கடியில் கூடை முடையும் பாடம்' என்றொரு கேலித் தொடரே வழங்குகிறது. கூடை முடைதல் அத்துணை எளிதென்பது கேலி செய்வோர் எண்ணம். முடைந்து பார்த்தவர் கேலி செய்யார்.

முற்றிய மூங்கிலை ஆய்ந்து வெட்டவேண்டும். இளையது நெகிழும், பழுதானது முறியும். வெட்டியதை நான்காகப் பிளந்து, உட்பகுதியை உரித்தெடுத்து, மினுக்கும் மேல்தோலை நாடாப் போல் மெல்லிதாகும் வரை கத்தியால் சீவவேண்டும். பிளாச்சுகளை ஒரே அகலத்தில் ஒப்பனை செய்யவேண்டும். கறுப்பு வால்நட் மரத்தின் வேரிட்டுக் காய்ச்சினால் கரும்பழுப்பு. வெட்டினால் செந்நீர் கசியும் குருதிவேர் என்ற செடியின் கிழங்கையிட்டுக் காய்ச்சினால் செம்மஞ்சள். இத்தனையும் முடிந்த பின்பே முடைதல் தொடங்கும்.

தொடங்கும் விதத்தைப் பாருங்கள். இரட்டைப் பின்னல் என்பது இக்கலையின் கொடுமுடி. அடியிலிருந்து உட்கூடை எழுகிறது. வாய்வரை வந்ததும் பிளாச்சு அறுபடுவதில்லை, மடிகிறது; மடிந்து வெளிப்புறமாகக் கீழிறங்கிப் புறக்கூடையாகி அடியிலே வந்து முடிகிறது. இரண்டு கூடை, ஒரே வாய்! உள்ளே நோக்கினும் மினுக்குத் தோல், வெளியே நோக்கினும் மினுக்குத் தோல். ஆணி இல்லை, பசை இல்லை, தையல் இல்லை. பிளாச்சைப் பிளாச்சே பிடித்து நிற்கிறது.

கோலமோ சாய்வுப் பின்னலிலே பிறப்பது. எத்தனை பிளாச்சுக்கு மேலே போவது, எத்தனைக்குக் கீழே நுழைவது என்ற எண்ணிக்கைதான் அங்கே தூரிகை. ஓரிடத்தில் ஒன்று பிழைத்தால், அடுத்தடுத்த வரியெல்லாம் பிழைக்கும். கட்டங்கள், சாய்சதுரங்கள், வளைந்து வளைந்தோடும் மின்னற் கோடுகள், இவை யாவும் கணக்கின் குழந்தைகள். வரைபடம் கையில் இல்லை, மனத்திலே கணக்கு. முடிவில் எப்படி வரும் என்பதை முதற் பிளாச்சு வைக்கும்போதே அறிந்திருக்கவேண்டும். இதைச் 'சிந்தனை' என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கல்லிலே சிற்பி காண்பதைப் புல்லிலே அவள் கண்டாள். கல்லுக்குக் கொடுத்த மதிப்பைப் புல்லுக்கு மறுப்பானேன்? ஆக்கியவள் பெண் என்பதாலா? அதிலே தானியம் கொட்டினார்கள் என்பதாலா? பயன்படுவது கலையாகாது என்பது, உழைக்காதோர் வகுத்த இலக்கணமன்றோ!

அந்நாளில் வாங்கியவரே அதன் மதிப்பை அறிந்திருந்தனர். அவர்களிடையே நெடுங்காலம் வணிகம் நடத்திய ஜேம்ஸ் அடேர் 1775-இல் வெளியிட்ட நூலில், ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் செரோக்கிக் கூடைத் தொகுதி ஒன்று, போர்த்துக்கீசியப் பொற்காசு ஒன்றுக்கும் மேல் விலை போன காலம் இருந்ததென்று குறிக்கிறார். அதே இடத்தில் இன்னொன்றும் எழுதுகிறார்: வெள்ளையர் மலிவாகக் கொண்டுவந்து குவித்த சரக்குகளால் அம்மக்கள் தம் பழந்தொழில் திறத்திற் பெரும்பகுதியை மறந்துபோயினர் என்று. மறதி தானாக வரவில்லை. வாணிகக் கப்பலில் ஏறி வந்தது! இதைச் சொல்பவர் பகைவரல்லர், அந்த வணிகரில் ஒருவரே என்பதைக் கருத்தில் வையுங்கள்.

ஆக, கலை என்ற முதற்சொல் உரைகல்லில் தேறுகிறது.

மரபா?

இரண்டாம் சொல்லிலேதான் இடர் தொடங்குகிறது. மரபு என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகூப்புவோரும் உண்டு. காறி உமிழ்வோரும் உண்டு. இருவருமே அதைத் திறந்து பார்ப்பதில்லை.

செரோக்கியர் மரபிலே போற்றத்தக்கது உண்டு. குழந்தை தாயின் குலத்தைச் சேரும், குலங்கள் ஏழு. வீடும் விளைநிலமும் பெண்ணின் பொறுப்பு. கணவன் மனைவி இல்லம் சேர்வான். கூடைக்கலை பெண்ணிடம் தழைத்ததற்கு இதுவும் காரணம். தாய் முடைவாள், மகள் பார்ப்பாள், பேத்தி தொடர்வாள்.

அந்த மரபை முறித்தது எது? 1827-இல் அவர்களே எழுதிக்கொண்ட அரசமைப்பு வாக்குரிமையை ஆடவர்க்கு மட்டும் ஆக்கிற்று. அண்டையிலிருந்த அமெரிக்கரைப் போல் ஆகிவிட்டால் அவர்கள் நம்மை வாழவிடுவர் என்று நம்பினர். பெண்ணின் உரிமையை விலையாகக் கொடுத்து வெள்ளையரின் நன்மதிப்பை வாங்க முயன்றனர். நன்மதிப்பு கிடைத்ததா? ஜார்ஜியாவிலே பொன் கிடைத்தது. அதனால் அவர்கள் மண் பறிபோயிற்று! 1830-இல் வெளியேற்றச் சட்டம். 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்சியிலிருந்தோர் அதைக் காற்றிலே விட்டனர். 1835-இல், மக்களின் ஆட்சிமன்றம் ஒப்பாமலே, ஒரு சிறு கூட்டத்தாரிடம் கையொப்பம் பெற்று நியூ எக்கோட்டா உடன்படிக்கை. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு மறுப்பு அனுப்பினர். செவி சாய்ப்பார் இல்லை. 1838-இல் படை வந்தது. ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே துரத்தப்பட்டனர். வழியிலும் முகாமிலும் மாண்டோர் நாலாயிரம் என்பது பலரும் கூறும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர்.

மேற்கே ஓக்லகோமாவிலே சென்று சேர்ந்த பெண்கள் என்ன செய்தனர்? பழகிய மூங்கிற் காடுகள் பின்னே நின்றுவிட்டன. 'பழைய மூங்கில் இல்லையே, மரபு போயிற்றே' என்று கைகட்டி அமரவில்லை. அங்கே கிடைத்த பக்புரஷ் என்ற புதரின் நீண்ட கொடியையும் ஹனிசக்கிள் கொடியையும் எடுத்தனர், வேகவைத்து உரித்தனர், உருண்டையான கொடியைக் கொண்டு இரட்டைச் சுவர்க் கூடை முடைந்தனர். கிழக்கிலே, மலைகளில் மறைந்தும் தம் நிலத்தில் நிலைத்தும் எஞ்சியோர், மூங்கில் அருகியபோது வெள்ளை ஓக் மரத்தைச் சிம்பாகப் பிளந்தனர். பின்னர் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஹனிசக்கிள் கொடியையும் சேர்த்துக்கொண்டனர். அந்நியக் கொடி அவர்கள் கையில் சொந்தக் கொடியாயிற்று!

தூய்மை பேசும் பழைமைவாதிக்கு இதைக் காட்டுங்கள். எந்தக் கூடை உண்மையான செரோக்கிக் கூடை? மூங்கிற் கூடையா, ஓக் கூடையா, ஜப்பானியக் கொடிக் கூடையா? மூன்றும்தான். மரபு என்பது பொருளில் இல்லை, பொருளை ஆளும் அறிவில் இருக்கிறது. மாறாதது மரபன்று, மாறத் தெரிந்ததே மரபு.

இன்னும் வியப்புக்குரியது ஒன்று. இரட்டைப் பின்னல், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கிழக்குச் செரோக்கியரிடம் ஓரிரு குடும்பங்களில் மட்டும் எஞ்சுமளவு அருகிப்போயிற்று. லாட்டி குவீன் ஸ்டாம்பர் என்ற பெண்மணி 1937 முதல் செரோக்கி ஊரின் அரசுப் பள்ளியிலே கூடை முடையக் கற்பித்து வந்தார். 1940-ஐ ஒட்டி அவர் கைக்கு ஒரு நிழற்படம் வந்தது. எதன் படம்? இலண்டன் அருங்காட்சியகத்தின் அந்தப் பழங்கூடையின் படம்! படத்தை வைத்துக்கொண்டு எண்ணினார், அவிழ்க்க முடியாத கூடையை அறிவால் அவிழ்த்தார், மீண்டும் முடைந்தார், மாணவியர்க்குக் கற்பித்தார். கோலங்களைக் கட்டத்தாளில் வரைந்தும் காட்டினார். ஈவா வோல்ஃப் போன்ற அடுத்த தலைமுறைக் கலைஞர் கையில் இரட்டைப் பின்னல் மீண்டும் ஓங்கிற்று.

இதிலே தெய்வக் கனவு உண்டா? மூதாதையர் ஆவி வந்து உரைத்ததா? இல்லை. பெயர் தெரியாத ஒருத்தி போட்ட கணக்கை, இரு நூற்றாண்டு கழித்து இன்னொருத்தி கண்டுபிடித்து விடை எழுதினாள். நடந்த இடத்தையும் நோக்குங்கள். பழங்குடிப் பிள்ளைகளின் மொழியையும் நடையையும் துடைத்தெறிவதற்கென்றே அரசு நெடுங்காலம் நடத்திவந்த பள்ளி வரிசையைச் சேர்ந்தது அது. 1930-களில் கொள்கை சற்று மாறியது; அந்த இடுக்கில் நுழைந்து ஒரு ஆசிரியை மரபை மீட்டாள். பள்ளி விலங்காகவும் ஆகும், விலங்கை ஒடிக்கும் கருவியாகவும் ஆகும். யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இத்தனையும் போற்றியபின் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் நாம் திறனாய்வாளரல்லோம், துதிபாடிகள். செரோக்கியரில் செல்வர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். 1835-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தகைய அடிமைகள் ஏறத்தாழ 1,600 பேர். கண்ணீர்ப் பாதையிலே அவர்களும் நடந்தனர். தமக்கெனக் கண்ணீர் விடவும் உரிமையின்றி நடந்தனர். 1866 உடன்படிக்கை விடுதலை பெற்றோர்க்கும் அவர் வழிவந்தோர்க்கும் குடியுரிமை தந்தது. ஆயினும் 2007-இல் 'குருதிவழி' என்ற பெயரால் அவர்களை விலக்க வாக்கெடுப்பு நடந்தது. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் உரிமையை உறுதி செய்தது. 2021-இல் செரோக்கி நாட்டின் உச்ச நீதிமன்றமே 'குருதிவழி' என்ற சொல்லைத் தம் சட்டத்திலிருந்து நீக்கிற்று. ஒடுக்கப்பட்டவனும் ஒடுக்குவான், துரத்தப்பட்டவனும் துரத்துவான். மரபு என்று சொல்லும்போது எந்த மரபு என்று கேட்கவேண்டும். ஜப்பானியக் கொடியை ஏற்ற கூடை மரபா? உடன் நடந்த மனிதனைத் தள்ளிய குருதி மரபா? முன்னதை ஏந்துவோம், பின்னதை எரிப்போம்.

மருந்தா?

மூன்றாம் சொல்லுக்கு வருவோம். கூடை முடைதல் மனப்புண்ணை ஆற்றும் என்கிறார்கள். நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டவுடன் புன்முறுவல் பூப்பர். மந்திரம், தாயத்து, திருநீறு என்ற வரிசையிலே கூடையும் சேர்ந்துவிட்டதா என்று கேட்பர். கேள்வி நல்லது, விடையை ஆராய்வோம்.

கூடை காய்ச்சலைத் தீர்க்காது. தீர்க்கும் என்று எவனாவது சொன்னால் அவன் பொய்யன். ஆனால், முதல் உலகப் போரில் ஊனமுற்றும் உளம் நைந்தும் மீண்ட படைவீரர்க்கு, அமெரிக்க மருத்துவமனைகளில் தொழில்வழி மருத்துவமாகக் கூடை பின்னல் கற்பிக்கப்பட்டது. விரலுக்குப் பயிற்சி, கருத்துக்கு ஒருமை, முடிவிலே கண்காணும் பயன்: இதில் மாயம் ஏதுமில்லை, மனிதன் இயல்பு. கைவினை மனத்தைத் தேற்றும் என்பது நம்பத்தக்கதே. ஆயினும், ஓர் இனத்தின் துயரத்துக்கு இது மட்டும் போதுமா?

போதாது என்பதே என் முடிபு. இங்கேதான் வணிகன் புகுந்து குழப்புகிறான். 1934-இல் அவர்கள் ஊரையொட்டிப் பெரும் புகைமலைத் தேசியப் பூங்கா அமைந்தது. உல்லாசப் பயணிகள் திரண்டனர். பயணி எதிர்பார்த்தது திரைப்படத்தில் கண்ட கழுகிறகு முடி. செரோக்கியர் அணிந்ததோ அதுவன்று; அது சமவெளிப் பழங்குடியினருடையது. ஆயினும் சாலையோரத்தில் அந்த முடியைச் சூட்டிக்கொண்டு நின்றால்தான் பிழைப்பு. வேறெங்கோ செய்த பொம்மையும் போலிச் சரக்கும் 'பழங்குடிக் கலை' என்ற பெயரிலே விற்றன. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பதைத் தண்டிக்க 1990-இல் உறுதியான சட்டமே தேவைப்பட்டது. அவர்கள் துயரை விற்றுக் காசாக்கியவர்கள், இப்போது ஆறுதலையும் விற்கிறார்கள். விலைச்சீட்டு ஒட்டிய ஆறுதல்!

உண்மையான மருந்து வேறிடத்தில் இருக்கிறது. 1946-இல் கிழக்குச் செரோக்கியர் குவாலா கலை கைவினைக் கூட்டுறவை நிறுவினர். கலைஞரே உறுப்பினர், கலைஞரே உரிமையாளர். அதற்கு முன்பு, முடைந்த கூடையைச் சுமந்து சென்று, மாவுக்கும் மளிகைக்கும் மாற்றிக்கொண்டு திரும்பிய பெண்கள் ஏராளம். விலையைச் சொல்பவன் கடைக்காரனாகவே இருந்தான். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லும் நாள் வந்ததே, அது மருந்து! பயணி வராத மழைக்காலத்திலும் கூடை விற்கும் என்ற துணிவு வந்ததே, அது மருந்து!

இன்னொரு மருந்து ஆற்றங்கரையில். ஒருகாலத்தில் தென்கிழக்கு அமெரிக்காவின் ஆற்றோரங்களில் மைல் கணக்கில் அடர்ந்திருந்த மூங்கிற் காடுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அழிந்துவிட்டன என்பது அறிஞர் கணிப்பு. உழவுக்கு அழித்தது பாதி. கால்நடை மேய்ந்தது மீதி. செரோக்கியர் முன்னாளில் அளவறிந்து தீயிட்டு அக்காடுகளைப் புதுப்பித்து வந்தனர். மக்களைத் துரத்தியபோது அந்த அறிவையும் துரத்தினர். இப்போது எஞ்சிய காடுகளைக் கணக்கெடுத்துக் காக்கவும், மீண்டும் நடவும் அம்மக்களே முன்னின்று முயல்கின்றனர். மூங்கில் இல்லாமல் கூடை ஏது? நிலம் இல்லாமல் மூங்கில் ஏது? நிலத்தைப் பறித்தவன் 'நெஞ்சாறுக' என்று வாழ்த்துரைப்பது, காலை வெட்டிவிட்டுக் கோல் ஊன்றி நட என்பதல்லவா?

அவர்களிடையே வழங்கும் ஒரு பழங்கதை உண்டு. உலகெங்கும் குளிர். ஒரு தீவிலே, குழிந்த மரத்தின் அடியில் நெருப்பு. காகம் பறந்து சென்று கரிந்து திரும்பிற்று. ஆந்தைகள் கண் புகைந்து திரும்பின. பாம்புகள் வெந்து கறுத்தன. கடைசியில் நீர்ச்சிலந்தி முன்வந்தது. தன் நூலால் சிறு கிண்ணமொன்று பின்னி, முதுகிலே கட்டி, நீர்மேல் ஓடி, ஒரு தணலை எடுத்து வந்தது. கதை கதைதான், நாம் அதை நம்பத் தேவையில்லை. ஆனால், கதை கட்டியவன் கருத்தைப் பாருங்கள். தவம் செய்து நெருப்புப் பெறவில்லை. வேள்வி செய்து பெறவில்லை. வலியவன் போர் செய்தும் பெறவில்லை. எளிய உயிரொன்று பின்னத் தெரிந்ததால் பெற்றது! கைத்திறமே மீட்பு என்று அந்தக் கதை சொல்லுமானால், அது நம் கொள்கைக்குப் பகையன்று.

அந்தச் சிலந்தியின் வழிவந்தவர் என்று சொல்லத்தக்கவர் ஷான் கோஷோர்ன். 2018-இல் மறைந்த கிழக்குச் செரோக்கிக் கலைஞர். அவர் எடுத்த பிளாச்சு மூங்கிலன்று, காகிதம்! உடன்படிக்கைகளையும் ஆணைகளையும் பழம்படங்களையும் தாளிலே அச்சிட்டு, அத்தாளைச் சிம்பு சிம்பாகக் கீறி, முன்னோர் கோலத்திலேயே கூடை முடைந்தார். 2011-இல் அவர் ஆக்கிய கூடையொன்றுக்குக் 'கல்விவழி இனப்படுகொலை' என்று பொருள்படும் பெயர். 1879-இல் கார்லைல் நகரில் பள்ளி நிறுவி, பழங்குடித் தன்மையைக் கொன்று மனிதனைக் காப்பதாக உரையாற்றிய ரிச்சர்டு பிராட்டின் சொற்கள் ஒரு சிம்பில். அங்கே அடைக்கப்பட்ட மாணவர் பெயர்கள் மறு சிம்பில். ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுகின்றன. பெயர் பறித்தவனின் சொல்லையே அறுத்து, பெயர் பறிகொடுத்தோரின் பெயரைப் பின்னிய செயல் அது.

காகிதக் கூடையில் தானியம் கொட்ட முடியுமா என்று கேட்போர் உண்டு. முடியாது. அந்தக் கூடைகள் அருங்காட்சியகத்துக்கும் செல்வர் மாளிகைக்கும் போகின்றன, முடைந்தவளின் அண்டை வீட்டுப் பெண் அதை வாங்க இயலாது என்ற குறையும் மெய். அந்தக் குறையை மூடி மறைக்க வேண்டா. ஆயினும் அதற்கொரு விடை உண்டு. முந்நூறு ஆண்டுக்கு முன் அருங்காட்சியகத்துக்குப் போன கூடை வாயடைத்துப் போயிற்று. இந்தக் கூடையோ பேசிக்கொண்டே போகிறது. பார்க்க வந்தவன் கோலத்தின் அழகிலே மயங்கி அருகே வருகிறான். அருகே வந்ததும் எழுத்து தெரிகிறது. படித்ததும் மயக்கம் தெளிகிறது. கலை வேறென்ன செய்யவேண்டும்?

ஆகவே, மருந்து என்ற சொல்லையும் நாம் ஏற்போம், ஒரு நிபந்தனையோடு. மறக்கச் செய்வது மயக்க மருந்து. நினைக்கச் செய்து நிமிரச் செய்வதே மருந்து. செரோக்கிக் கூடை இரண்டாம் வகை. அதை முதல் வகையாக்கி விற்போரை நம்பாதீர்கள்.

தோழர்களே! கைவினை கண்டால் 'பழைமை' என்று ஒதுக்குவது பகுத்தறிவன்று. பழைமை என்பதற்காகவே வணங்குவதும் பகுத்தறிவன்று. பொருளின் முன் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆக்கியவர் யார்? அவர் பெயர் எங்கே? அதன் பயன் யாருக்குப் போகிறது? இந்த மூன்றுக்கும் விடை வரும் வரை அருங்காட்சியகத்தின் அறிவிப்புப் பலகையை முழுதாக நம்பாதீர்கள். பேரரசுகள் பெயர் பொறித்த கற்கள் பல சிதைந்துவிட்டன. பெயர் பொறிக்காத ஒருத்தியின் புற்கூடை நிலைத்தது. இன்னொருத்தி கையில் மீண்டும் முளைத்தது. எண்ணத் தெரிந்த விரல்கள் இருக்கும்வரை எந்தப் படையும் ஒரு மக்களை முற்றாகத் துடைத்துவிட முடியாது. அந்த விரல்களுக்கு நாம் செய்யும் மரியாதை, கைகூப்புவதன்று, பெயர் கேட்பது!